பூஞ்சைக்கு யார் தீனி போடுவது?

மாடு புல் தின்று பால் கொடுக்கிறது என்றுதான் சொல்லி வருகிறோம். உள்ளே நடப்பது கொஞ்சம் வேறு. புல்லின் நார்ச்சத்தை மாட்டால் தானாகச் செரிக்க முடியாது. அதன் முதல் இரைப்பை, நூறு லிட்டருக்கு மேல் கொள்ளக்கூடிய ஒரு வெதுவெதுப்பான தொட்டி. பாக்டீரியா, பூஞ்சை, ஓரணு உயிரிகள் என்று கோடானுகோடி பேர் அதில் குடியிருக்கிறார்கள். புல்லைத் தின்பவர்கள் அவர்கள். தின்று பெருகி, அடுத்த இரைப்பைக்கு அடித்துச் செல்லப்படும்போது மாடு அவர்களையே செரித்துக்கொள்கிறது. மாட்டின் உடலில் சேரும் அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் வருவது இந்த வழியில்தான்.

இதைப் பளிச்சென்று காட்டியவர் ஆர்த்தூரி விர்த்தானென். பின்லாந்து வேதியியலாளர், 1945இல் நோபல் பரிசு பெற்றவர். 1960களில் அவர் சில பசுக்களுக்குப் புரதமே இல்லாத தீனி போட்டார். சுத்திகரித்த மாவுச்சத்து, செல்லுலோஸ், கொஞ்சம் சர்க்கரை. நைட்ரஜனுக்கு யூரியாவும் அம்மோனியம் உப்பும். அவ்வளவுதான். பசுக்கள் பால் கொடுத்தன. 1966இல் ‘சயன்ஸ்’ இதழில் அந்த முடிவுகள் வெளிவந்தன. உரமாக வயலில் போடும் யூரியா, வயிற்றுக்குள்ளிருக்கும் நுண்ணுயிரிகளின் கைக்குப் போனால் பால்புரதமாக வெளியே வருகிறது.

சரி, அப்படியானால் மாட்டை நடுவிலிருந்து விலக்கிவிட்டு அந்தத் தொட்டியை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? நுண்ணுயிர்ப் புரதம் பற்றிய பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது. ‘ஒற்றைச்செல் புரதம்’ என்ற பெயரும் அதே 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சூட்டப்பட்டது. ‘பாக்டீரியா உணவு’ என்றால் யார் வாயில் வைப்பார்கள் என்ற கவலையில் பிறந்த பெயர் அது.

இன்று இந்தத் துறையைப் பற்றி வரும் செய்திகளைப் படித்தால், எல்லாம் நேற்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது போலத் தோன்றும். உண்மையில் நுண்ணுயிரியை டன் கணக்கில் வளர்ப்பது எப்படி என்பது 50 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன கணக்கு. தீராமல் இருப்பது, அந்த நுண்ணுயிரிக்கு எதைத் தீனியாகப் போடுவது என்பது. இந்தத் துறையில் எழுந்த கம்பெனிகளும் விழுந்த கம்பெனிகளும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் எழுந்தன, விழுந்தன.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுவோம். ‘பூஞ்சைப் புரதம்’ என்றதும் பலருக்கும் காளான் நினைவுக்கு வரும். நாம் சமைக்கும் காளான், பூஞ்சையின் பூ மாதிரி. மண்ணுக்கடியிலோ மரத்துக்குள்ளோ ஓடும் வெண்ணிற இழைகள்தான் அதன் உடம்பு. பச்சைக் காளான் 100 கிராமில் இருக்கும் புரதம் 3 கிராம் அளவில்தான். மிச்சம் பெரும்பகுதி தண்ணீர். மாற்றுப் புரதம் என்று பேசப்படுவது அந்த இழைகளை. இழைப்பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து, வடித்து, பிழிந்து எடுப்பதை. மறந்துபோய் வைத்த ரொட்டித் துண்டில் இரண்டே நாளில் பஞ்சுபோலப் படருமே, அது மாதிரியான உறவுக்காரர்கள்.

அந்த வேகம்தான் எல்லோரையும் மயக்குவது. கன்றுக்குட்டி எடையில் இரட்டிப்பாக வாரக்கணக்கில் ஆகும். ஈஸ்டுக்குச் சில மணி நேரம் போதும். நல்ல சூழலில் சில பாக்டீரியாக்களுக்கு அரை மணி நேரம்கூட வேண்டாம். உலர்ந்த எடையில் பாக்டீரியாவில் 50 முதல் 80 விழுக்காடு, ஈஸ்டிலும் பூஞ்சையிலும் 30 முதல் 60 விழுக்காடு வரை புரதம். எலும்பு, தோல், கொம்பு, குளம்பு என்று வீணாகப் போவது எதுவுமில்லை.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. உணவில் புரதம் எவ்வளவு என்று ஆய்வகத்தில் கேட்டால், பெரும்பாலும் அவர்கள் அளப்பது நைட்ரஜனை. புரதத்தில் சராசரியாக 16 விழுக்காடு நைட்ரஜன் உண்டு. ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம் வந்துவிடும் என்பது பழைய கணக்கு. இறைச்சிக்கு அது சரிப்படும். நுண்ணுயிரியிலோ நைட்ரஜன் வேறு இடங்களிலும் ஒளிந்திருக்கிறது. செல்லுக்குள் குவிந்திருக்கும் ஆர்.என்.ஏ.யில் இருக்கிறது, பூஞ்சையின் செல்சுவரிலுள்ள கைட்டினில் இருக்கிறது. நண்டின் ஓட்டிலும் இருக்கும் அதே கைட்டின்தான். இதனால்தான் காளானுக்கு 6.25க்குப் பதில் 4.38 என்ற எண்ணைப் போட்டுக் கணக்கிடும் வழக்கம் வந்தது. ஒரு பொட்டலத்தில் ‘70 விழுக்காடு புரதம்’ என்று போட்டிருந்தால், எந்த எண்ணால் பெருக்கினீர்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும். அமினோ அமிலங்களைத் தனித்தனியாக அளந்து கூட்டிச் சொன்ன எண் என்றால் தாராளமாக நம்பலாம்.

ஆர்.என்.ஏ.யைச் சும்மா சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. இந்தத் துறையின் பழைய தலைவலி அது. வேகமாக வளரும் செல் வேகமாகப் புரதம் கட்ட வேண்டும், அதற்கு ஆர்.என்.ஏ. நிறைய வேண்டும். எந்த வேகத்தைப் பார்த்து மயங்கினோமோ அதே வேகம்தான் இந்தச் சிக்கலையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. நாம் ஆர்.என்.ஏ.யைத் தின்றால் அதன் ஒரு பகுதி உடலில் யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தை உடைக்க ஒரு நொதி இருக்கிறது. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் அந்த நொதியைப் பரிணாமப் பாதையில் எப்போதோ தொலைத்துவிட்டார்கள். தேங்கும் யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாகப் படிந்தால் கவுட் என்னும் வாதநோய். சிறுநீரகத்தில் படிந்தால் கல். மாடு நாள் முழுக்க நுண்ணுயிரிகளைச் செரித்தும் அதற்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அந்த நொதி அதனிடம் இருப்பதுதான். நடுவிலிருந்து மாட்டை விலக்குவது காகிதத்தில் தெரிவதுபோல அவ்வளவு சுலபமில்லை. அது சத்தமில்லாமல் நமக்காக ஒரு வேலை செய்துகொண்டிருந்தது.

1970களில் ஐ.நா. சார்ந்த நிபுணர் குழு இதற்கு ஒரு வரம்பு சொன்னது: இத்தகைய உணவு வழியாக உள்ளே போகும் ஆர்.என்.ஏ. ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம். உலர்ந்த பூஞ்சையில் 10 விழுக்காடு ஆர்.என்.ஏ. என்று வைத்துக்கொண்டால், 20 கிராமிலேயே அந்த வரம்பு முட்டிவிடும். அதில் கிடைக்கும் புரதம் பத்து கிராம்கூடத் தேறாது. ஒரு வேளை உணவுக்குக்கூடக் காணாது.

பாக்டீரியாவை நேரடியாகத் தின்னக் கொடுத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. விண்வெளிப் பயணிகளின் கழிவு மூச்சிலிருந்தே அவர்களுக்கு உணவு தயாரிக்கலாமா என்ற யோசனை ஓடிய காலம் அது. 1969இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தன்னார்வலர்களுக்குச் சில வகைப் பாக்டீரியாக்களைச் சிறு அளவில் உணவோடு கொடுத்தார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆளாளுக்கு அவதிப்பட்டார்கள். விலங்குகளுக்கு ஒத்துப்போனது மனித வயிற்றுக்கு ஒத்துவரவில்லை. அதன் பிறகு நீண்ட காலத்துக்கு, பாக்டீரியா என்றால் அது கால்நடைத் தீவனம்தான் என்று முடிவாகிவிட்டது. மனிதத் தட்டுக்கு வந்தது ஈஸ்டும் பூஞ்சையும்தான்.

அப்புறம், தீனிக் கதை. முதல் உலகப் போரின்போது ஜெர்மனியில் இறக்குமதி அடைபட்டு, கால்நடைத் தீவனத்துக்குப் பஞ்சம் வந்தது. பெர்லினில் மாக்ஸ் டெல்புரூக்கும் அவரது சகாக்களும் சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் அம்மோனியம் உப்பைச் சேர்த்து ஈஸ்ட் வளர்த்தார்கள். போர் முடிந்ததும் தேவையும் முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் டோருலா என்ற இன்னொரு ஈஸ்ட் வந்தது. காகித ஆலைக் கழிவுநீரில் இருக்கும் மரச்சர்க்கரையைத் தின்று வளரக்கூடியது. சூப்பிலும் சாசேஜிலும் கலந்து படைவீரர்களுக்குப் போனது. அமைதி திரும்பியதும் இதுவும் ஓரம் போனது. பஞ்சத்தில் கைகொடுத்தவனைப் பந்தியில் யாரும் தேடவில்லை.

அடுத்து வந்தது எண்ணெய்க் காலம். இதுதான் இந்த வரலாற்றில் மிக விசித்திரமான பகுதி. பிரான்சில் மார்செய் நகருக்குப் பக்கத்தில் லவேரா என்ற இடத்தில் பிரிட்டிஷ் பெட்ரோலியம் கம்பெனிக்கு ஒரு சுத்திகரிப்பு ஆலை இருந்தது. டீசல் போன்ற எண்ணெய்களில் மெழுகுப் பொருள் அதிகமாக இருந்தால் குளிரில் உறையும். அந்த மெழுகை ஈஸ்டுக்குத் தின்னக் கொடுத்து அகற்றலாமா என்று ஆல்ஃபிரெட் ஷம்பாஞ்யா என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் முயன்றார்கள். ஈஸ்ட் மெழுகைத் தின்றது, தின்று கொழுத்தது. எண்ணெயும் சுத்தமாயிற்று, ஈஸ்டும் கிடைத்தது. பெட்ரோலியத்திலிருந்து புரதம்! உலகப் பசியே தீர்ந்துவிடும் என்று பேச்சு கிளம்பியது. 1976இல் யுனெஸ்கோவின் அறிவியல் பரிசுகூட ஷம்பாஞ்யாவுக்குக் கிடைத்தது.

பரிசு வந்தபோது கதை ஏறக்குறைய முடிந்திருந்தது. 1973இல் கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கு எகிறியது. எண்ணெயில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் மிச்சமிருக்குமோ என்ற அச்சத்தில் ஜப்பானில் பெரிய எதிர்ப்பு எழுந்து, அங்கே இந்தத் திட்டங்கள் கைவிடப்பட்டன. இத்தாலியின் சார்டீனியாத் தீவில் ஆண்டுக்கு 1,00,000 டன் தயாரிக்கக் கட்டிய ஆலை, சுகாதார அனுமதிச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, முழு மூச்சில் ஓடாமலேயே மூடப்பட்டது. விடாமல் பிடித்துக்கொண்டது சோவியத் ஒன்றியம் மட்டும்தான். அங்கே எண்ணெய் மெழுகில் வளர்த்த தீவன ஈஸ்ட் உலகிலேயே மிக அதிக அளவில் தயாரானது. 1987இல் லெனின்கிராட் பக்கத்திலுள்ள கிரிஷி நகரில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆலையிலிருந்து காற்றில் பறந்த புரதத்தூள் ஆஸ்துமாவைக் கிளப்புகிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் கம்பெனி போட்ட கணக்கு வேறு. எண்ணெயைத் தொட வேண்டாம். இயற்கை எரிவாயுவை மெத்தனாலாக மாற்றி, மெத்தனாலைத் தின்னும் ஒரு பாக்டீரியாவுக்குக் கொடுப்போம். மெத்தனால் தண்ணீரில் முழுமையாகக் கரையும், எச்சம் விடாது. பில்லிங்ஹாமில் 15 லட்சம் லிட்டர் கொள்ளளவில் ஒரே ஒரு நொதிகலனை, அதாவது நுண்ணுயிரி வளர்க்கும் மூடிய தொட்டியைக் கட்டினார்கள். உலகில் அதுவரை அப்படியொன்று கிடையாது. 1980 வாக்கில் ஓடத் தொடங்கியது. விளைபொருளின் பெயர் புரூட்டீன், கன்றுக்கும் கோழிக்கும் தீவனம். அந்தப் பாக்டீரியாவுக்குள் வேறொரு பாக்டீரியாவின் மரபணுவைப் புகுத்தி விளைச்சலைச் சில விழுக்காடு கூட்டிக்கூடப் பார்த்தார்கள். தொழிற்சாலைக்கான மரபணு மாற்றத்தில் மிக ஆரம்பகால முயற்சிகளில் அது ஒன்று. தொழில்நுட்ப ரீதியில் எல்லாமே ஜெயித்தது. ஆனால் திட்டம் போட்ட 1970களின் தொடக்கத்தில், தீவனச் சந்தையில் போட்டியான சோயாவின் விலை உச்சத்தில் இருந்தது. ஆலை எழுந்து நின்றபோது சோயா மலிந்துவிட்டது, எரிவாயு விலை ஏறிவிட்டது. சில ஆண்டுகளில் மூடினார்கள்.

அந்தக் கூட்டத்தில் தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்று. அது கால்நடையின் தொட்டிக்குப் போகாமல் மனிதனின் தட்டுக்குப் போனது. தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தீவனச் சந்தையில் சோயாவோடு காசுக்குக் காசு மோத வேண்டும். உணவுச் சந்தையில் இறைச்சியின் விலைதான் போட்டி.

ராங்க் ஹோவிஸ் மெக்டூகல் என்ற பிரிட்டிஷ் மாவு, ரொட்டிக் கம்பெனியிடம் மாவுச்சத்து மிதமிஞ்சி இருந்தது. அதைப் புரதமாக மாற்ற ஒரு பூஞ்சை வேண்டும் என்று 1960களில் உலகெங்குமிருந்து 3,000க்கும் மேற்பட்ட மண் மாதிரிகளைச் சேகரித்துத் தேடினார்கள். கடைசியில் தேர்வானது, அவர்களின் ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே, பக்கிங்ஹாம்ஷயரின் மார்லோ என்ற ஊரின் மண்ணில் கிடைத்தது. முதலில் வேறு பெயரில் அழைத்தார்கள். பிறகு நுணுகிப் பார்த்ததில் அது ஃபுசேரியம் வெனனாட்டம் என்று தெரிந்தது. வெனனாட்டம் என்றால் லத்தீனில் ‘நஞ்சுடையது’. உணவுக்கு இதைவிட மோசமான பெயர் வாய்க்காது! அந்தக் குடும்பத்தில் நச்சு சுரப்பவர்கள் உண்டு என்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் நச்சுச் சோதனை இன்றும் நடக்கிறது. பத்தாண்டுக்கும் மேல் சோதித்த பிறகு, 1985இல் குவார்ன் என்ற பெயரில் அது பிரிட்டன் கடைகளுக்கு வந்தது. தொடக்க காலத்தில் அதை வளர்த்தது, ஐ.சி.ஐ. தன் தீவனத் திட்டத்துக்கு முன்னோட்டமாகக் கட்டிய நொதிகலனில்தான்.

அந்தக் கலனுக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பின்னால் கட்டியவை ஐம்பது மீட்டர் உயரம், 1,50,000 லிட்டர் கொள்ளளவு. உள்ளே கலக்கும் துடுப்பு கிடையாது. அடியிலிருந்து காற்றை அழுத்தி ஊதுகிறார்கள். காற்றுக் குமிழிகள் சேர்ந்த பக்கம் கனம் குறைந்து மேலே ஏறுகிறது, மேலே காற்று வெளியேறியதும் கனத்து மறுபக்கம் வழியாகக் கீழே இறங்குகிறது. ஓயாமல் இப்படிச் சுற்றுகிறது. இவ்வளவு உயரம் எதற்கு என்றால், தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது ரொம்பக் கம்மி. லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் அளவுதான் சாதாரணமாகக் கரையும். உயர்ந்த நீர்த்தம்பத்தின் அடியிலிருக்கும் அழுத்தம் இன்னும் கொஞ்சம் கரைய வைக்கிறது. குளுக்கோஸ், தாது உப்புகள், பயோட்டின் என்ற வைட்டமின், நைட்ரஜனுக்கு அம்மோனியா. 28 முதல் 30 டிகிரி. தீனி ஒரு பக்கம் போய்க்கொண்டேயிருக்க, வளர்ந்த பூஞ்சை இன்னொரு பக்கம் வந்துகொண்டேயிருக்கும். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பூஞ்சையின் எடை இரட்டிப்பாகும். பூஞ்சை மூச்சுவிடும் சூடு பெரிய சூடு. அதைக் குளிர்விக்காவிட்டால் தன் சூட்டிலேயே வெந்துவிடும்.

வெளியே வந்ததும் முதல் வேலை ஆர்.என்.ஏ.யை இறக்குவது. 64 டிகிரிக்கு மேல் அரை மணி நேரம்போலச் சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் பூஞ்சை செத்துப்போகும். அதன் சொந்த நொதிகள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உயிர்ப்போடு இருந்து ஆர்.என்.ஏ.யைத் துண்டு துண்டாக வெட்டும். துண்டுகள் செல்சுவர் வழியே கசிந்து வெளியேறும். 10 விழுக்காட்டை ஒட்டியிருந்தது 2 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிடும். ஆனால் இலவசமாக எதுவும் நடப்பதில்லை. ஆர்.என்.ஏ.யோடு சேர்ந்து வேறு பலவும் கசிந்து, விளைந்த எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிப் போய்விடுகிறது. சுழற்றிப் பிழிந்தபின் மிஞ்சுவது, ரொட்டி மாவு மாதிரி வெளிறிய ஒரு பிசைவு. 100 கிராமில் 11 கிராம் புரதம், 6 கிராம் நார்ச்சத்து. தனியாகத் தின்றால் பெரிதாக ருசி ஒன்றுமிருக்காது.

அதை இறைச்சிபோல ஆக்குவது உறைபதனம். பூஞ்சை இழை ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அளவு நீளம், சில மைக்ரான் மட்டுமே தடிமன். முட்டையின் வெள்ளைக்கருவோ உருளைக்கிழங்குப் புரதமோ சேர்த்துப் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, மெல்ல உறைய வைத்தால், உருவாகும் பனிப்படிகங்கள் இழைகளை நெருக்கித் தள்ளிக் கட்டுக்கட்டாக அடுக்குகின்றன. கோழிச் சதையைப் பிய்க்கும்போது வருமே, அந்த நாரோட்டம் இப்படித்தான் வருகிறது. சோயாவிலிருந்து இதே நாரோட்டத்தைக் கொண்டுவர உயர் அழுத்தத்தில் பிதுக்கியெடுக்கும் இயந்திரம் வேண்டும். இழை வடிவத்தோடு பிறப்பது பூஞ்சையின் பிறவிப் பலன்.

பூஞ்சைக்கு இதில் ஒரு சொந்த யோசனையும் உண்டு. வாரக்கணக்கில் ஒரே கலனில் ஓடினால், குட்டையாக, அடர்ந்து கிளைக்கும் பிறழ்வு வகைகள் தலைதூக்கும். நீண்ட இழை நமக்குத்தானே வேண்டும், அதற்கு என்ன வந்தது? அவை பெருகினால் நாரோட்டம் போய்விடும். ஆகவே ஆறு வாரம்போல ஓடியதும் எல்லாவற்றையும் நிறுத்தி, கழுவி, கிருமி நீக்கி, புது வித்து போட்டு மறுபடி தொடங்குகிறார்கள்.

சத்தைப் பொறுத்தவரை இந்தப் பூஞ்சைப் புரதம் நன்றாகவே தேறுகிறது. செரிமானத்தையும் அமினோ அமிலச் சமநிலையையும் வைத்துக் கணக்கிடும் தரக் குறியீட்டில் கிட்டத்தட்ட 1, அதாவது பாலுக்கும் முட்டைக்கும் பக்கத்தில். 2020இல் எக்ஸிடர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பின் இதை உண்ட இளைஞர்களின் தசைப்புரத உற்பத்தி, பால்புரதம் உண்டவர்களுடையதைவிட அதிகமாகவே இருந்தது. சிறு ஆய்வு, இளைஞர்கள் மட்டும். அதைப் பிடித்துக்கொண்டு கொடி பிடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ‘பூஞ்சையில் என்ன சத்து இருக்கப்போகிறது’ என்று தள்ளிவிட முடியாது. சிலருக்கு ஒவ்வாமை வருவதும் உண்மை. அரிதுதான், பூஞ்சைக் காளானுக்கு ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்கள் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஈஸ்டில் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் குறைவு என்பதால் தானியத்தோடு சேர்த்துத் தின்பது பொருந்தும்.

ஸ்பைருலினாவை இங்கே ஒரு வார்த்தையில் கடந்துவிடலாம். அது பாசி என்று அழைக்கப்பட்டாலும் பாக்டீரியாதான். சாட் ஏரிக்கரையில் கானெம்பு மக்கள் அதை வடித்துக் காயவைத்து ‘டிஹே’ என்று இன்றும் உண்கிறார்கள். 60 விழுக்காடு புரதம் என்பது உண்மை. ஆனால் ஒரு கரண்டி 5 கிராம் என்றால் அதில் 3 கிராம் புரதம். அதில் வைட்டமின் பி12 இருக்கிறது என்று விற்பவர்கள் உண்டு. பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம்.

இன்னொரு வகையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நுண்ணுயிரியையே தின்னாமல், அதைக் கூலிக்கு அமர்த்தி வேறு புரதத்தைச் சுரக்க வைப்பது. பாலாடைக்கட்டிக்கு உறை ஊற்றும் நொதி முன்பு கன்றின் இரைப்பையிலிருந்து வந்தது. 1990இல் அமெரிக்கா நுண்ணுயிரி சுரக்கும் வடிவத்தை அனுமதித்தது, இன்று உலகின் பெரும்பாலான பாலாடைக்கட்டி அப்படித்தான் உறைகிறது. பால் திரியும்போது பிரியும் தெளிநீரிலுள்ள புரதத்தைப் பூஞ்சை சுரக்கிறது, இறைச்சிக்குச் சிவப்பும் வாசனையும் தரும் ஹீம் புரதத்தின் தாவர வடிவத்தை ஈஸ்ட் சுரக்கிறது. ஆனால் ஒரு கிராம் சுரக்க எத்தனையோ கிராம் சர்க்கரை தின்னும். வயிறு நிறைக்கும் வழி அது இல்லை.

சர்க்கரை என்றதும் மறுபடி தீனிக்கே வந்துவிட்டோம். குளுக்கோஸ் மக்காச்சோளத்திலிருந்தோ கோதுமையிலிருந்தோ வருகிறது. பூஞ்சை இரண்டு கிலோ குளுக்கோஸுக்கு ஒரு கிலோ உலர் எடை என்ற அளவில் விளையும். ஆர்.என்.ஏ. நீக்கத்தில் போகும் இழப்பையும் சேர்த்து நானே கையால் போட்டுப் பார்த்த தோராயக் கணக்கில், ஒரு கிலோ புரதத்துக்கு ஆறு கிலோவை ஒட்டிச் சர்க்கரை வேண்டும். ‘நிலமே வேண்டாத புரதம்’ என்று யாராவது சொன்னால், அந்த ஆறு கிலோ எங்கே விளைந்தது என்று கேளுங்கள்.

இருந்தாலும் மாட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். 2022இல் ‘நேச்சர்’ இதழில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் காலநிலை ஆய்வு நிறுவனத்தார் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். உலகில் ஒருவர் உண்ணும் மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சியில் ஐந்தில் ஒரு பங்கை 2050க்குள் சர்க்கரையில் வளர்த்த நுண்ணுயிர்ப் புரதமாக மாற்றினால், ஆண்டுதோறும் அழியும் காட்டின் பரப்பு பாதியாகக் குறையும் என்றது. மாடலில் போட்ட கணக்குதான். அதில் சொல்லாமல் விடாத நிபந்தனை ஒன்றும் உண்டு: காற்று ஊதவும் கிருமி நீக்கவும் குளிர்விக்கவும் தேவைப்படும் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் லாபத்தில் ஒரு பகுதி புகையோடு போகும்.

சர்க்கரையையும் தூக்கிப்போட்டுவிட்டால்? பின்லாந்தின் சோலார் ஃபுட்ஸ் கம்பெனி வளர்க்கும் ஒரு பாக்டீரியாவின் தீனி ஹைட்ரஜன், கரியமில வாயு, கொஞ்சம் ஆக்சிஜன், அம்மோனியா. மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். அதற்குச் சிங்கப்பூர் 2022இல் உணவு அனுமதி தந்தது. ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் வான்டாவில் 2024இல் ஆலை திறந்தது. 1969இல் வயிற்றைக் கலக்கியதும் ஹைட்ரஜன் தின்னும் பாக்டீரியா உட்பட்டவைதான் என்பதால், இன்றைய ஒழுங்குமுறை அமைப்புகள் இதை நிதானமாகவே அணுகுகின்றன. சரியான அணுகுமுறைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1997 மே 15க்கு முன் கணிசமாக உண்ணப்படாத எதுவும் ‘புது உணவு’. ஆண்டுக்கணக்கில் ஆவணம் காட்டாமல் கடைக்கு வராது.

இந்த வழியில் வயலின் வேலையைச் சூரியத் தகடு செய்கிறது. இலை, தன்மேல் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கைச் சேமித்தாலே பெரிய விஷயம். தகடு இருபது பங்கு பிடிக்கும். அதனால்தான் 2021இல் வந்த ஓர் ஆய்வு, ஒரே அளவு நிலத்தில் சோயாவைவிடப் பத்து மடங்கு புரதம் இப்படி எடுக்கலாம் என்று கணக்கிட்டது. நிலம் மிச்சம்தான். மின்கட்டணம்? புரூட்டீனுக்கு எரிவாயு விலை எமனாக வந்ததுபோல, இதற்கு எமனாகக்கூடியது மின்சார விலை.

பின்லாந்திலேயே இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. 1975இல் யாம்சான்கோஸ்கி காகித ஆலையில் பெக்கிலோ என்ற தீவனப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். மரக்கூழ் வடித்த கழிவுநீரில் வளரும் பூஞ்சை. பன்றிக்கும் கோழிக்கும் போனது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக ஓடியது. பூஞ்சைக்கு எந்தக் குறையும் வரவில்லை. காகித ஆலைகள் மரக்கூழ் எடுக்கும் முறையை மாற்றிக்கொண்டன. அந்தக் கழிவுநீர் வருவது நின்றது. 1990களின் தொடக்கத்தில் பெக்கிலோவும் நின்றது. இப்போது எனிஃபர் என்ற சிறு கம்பெனி அந்தப் பூஞ்சையை மறுபடி எடுத்து வளர்க்கிறது, இம்முறை மனிதர்களுக்கும் சேர்த்து. பூஞ்சை பழையதுதான். குழாயில் வருவது மட்டும் வேறு: பால் ஆலை, மர ஆலை, மாவு ஆலை, எங்கே எது மிஞ்சுகிறதோ அது.